கணக்கரைத் தேர்ந்த முறை

ஆண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் அவர்கள் பணித்தபோது, கரிகாலன் கட்டிய கல்லணையைப் பற்றியோ இராசராசனின் கப்பற்படையைப் பற்றியோ எழுதுவோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். அவற்றைப் பற்றி நம் மலர்களில் அறிஞர் பலர் முன்னரே எழுதிவிட்டனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைப் பெருமிதம் உடையதன்று. ஒரு சிறு தொழிலுக்கோ ஓர் ஊருக்கோ கணக்கு எழுதுவதற்கு ஆள் தேடுகின்றோமே, அவரை நம் முன்னோர் எவ்வாறு தேடினர் என்பதே அப்பொருள். இதனைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

கணக்கு என்னும் சொல்லே பழந்தமிழில் எண்ணை மட்டும் குறித்ததன்று. எழுத்தையும் நூலையும் அது குறித்தது. பதினெண்கீழ்க்கணக்கு என்ற தொகுதியில் கூட்டலும் கழித்தலும் இல்லை என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். எழுத்துக் கற்பித்த ஆசிரியரைக் கணக்காயர் என்றனர். எழுதத் தெரிந்தவனே எண்ணவும் தெரிந்தவன் என்று கருதிய காலம் அது. எழுதத் தெரிந்தவன் கையில் எழுதத் தெரியாதவனின் உடைமை இருந்தது என்பதையும் இச்சொல்லிலிருந்து நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

வடமொழியில் கௌடலியரின் அர்த்தசாத்திரம் இப்பொருளை விரிவாகப் பேசுகின்றது. நெடுங்காலம் மறைந்து கிடந்த அந்நூலின் ஏட்டை மைசூரில் சாம சாஸ்திரியார் 1905-இல் கண்டெடுத்து 1909-இல் அச்சிட்டார். ஆடித் திங்களில் நாட்டின் பல பகுதிக் கணக்கரும் முத்திரையிட்ட ஏடுகளோடு தலைநகருக்கு வரவேண்டும். வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாதவாறு காக்கப்பட வேண்டும் என்று அது விதிக்கின்றது. அரசன் பொருளைக் கையாடும் வழிகள் நாற்பது என்று எண்ணிச் சொல்லுகின்றது. நீருக்குள் நீந்தும் மீன் நீர் குடித்ததா இல்லையா என்று யார் அறிவர் என்று அவர் கேட்பதும் அப்பகுதியில்தான். ஆயின், கௌடலியர் பார்வை அரசனின் பார்வை. ஒற்றரும் தண்டமும் உடையவன் எவரையும் கணக்கராக அமர்த்தலாம். தவறினால் பிடித்துக் கொள்வான். ஒற்றரும் தண்டமும் இல்லாத ஊரார் என் செய்வர்? அதற்கு விடை தேட நாம் தொண்டை மண்டலத்துக்கு வரவேண்டும்.

செங்கற்பட்டிலிருந்து பேருந்தில் ஏறினால் அடைந்துவிடக் கூடிய ஊர் உத்திரமேரூர். சென்ற ஆண்டு விடுமுறைப் பாஸில் ஊருக்குச் சென்றிருந்தபோது, வீட்டாரையும் அழைத்துக்கொண்டு அங்குப் போய்வந்தோம். பிள்ளைகளுக்கு அது பெரிதாகப்படவில்லை. வெயிலில் சுவரைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று கேட்டனர். வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரில் வரிவரியாக வெட்டப்பட்டுள்ள எழுத்துகளில் நமக்கும் பத்தில் ஒன்றே படிக்க வந்தது. முதற் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டிலும் 14-ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919-இலும் 921-இலும், அவ்வூர்ச் சபையார் செய்துகொண்ட ஏற்பாடுகள் அவை. கல்வெட்டறிஞர் வெங்கையா அவர்கள் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றை ஆராய்ந்து வெளியிட்ட பின்னரே உலகம் இவ்வூரை அறிந்தது. நீலகண்ட சாஸ்திரியார் தம் சோழர் வரலாற்றில் இவற்றை நன்கு விளக்கியுள்ளார்.

குடவோலை முறை பற்றி மேடைகளில் கேட்டிராதவர் நம்முள் இரார். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கால் வேலிக்கு மேல் இறைநிலம் உடையவன், தன் மனையில் வீடு கட்டியிருப்பவன், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவன், மறை கற்றவன், மூன்றாண்டுகளாக வாரியத்தில் இராதவன் ஆகியோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். இரண்டாண்டுகளுக்கு முந்திய ஏற்பாட்டில் வயது எல்லை 30 முதல் 60 வரை என்று இருந்தது. அதை ஏன் மாற்றினார்கள் என்பது சுவரில் இல்லை. இளைஞர் சிலரால் ஏதோ நேர்ந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகின்றது, அஃது ஊகமே.

ஓலை எடுக்கும் முறையைக் கவனித்தல் வேண்டும். கோயில் நம்பிமார் அனைவரும் மகாசபையின் நடுவே இருப்பர். அவருள் முதியவர் ஒருவர் எல்லோரும் காணுமாறு குடத்தை எடுத்து நிற்பார். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்திருந்தால்? அதற்காகத்தான் அவ்விதி. வாங்கியவன் வாசித்த பின், அங்குள்ள நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரும் ஊரார்க்கு ஊரார்மேல் இருந்த நம்பிக்கை இவ்வளவுதான். இதனை நாம் குறையாகக் கூறவில்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இது மறையவர் ஊர். நிலமற்றவனுக்கும் பெண்ணுக்கும் மறை கல்லாதவனுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. உலகின் முதற் குடியாட்சி என்று முழங்குவோர் இதனை விட்டுவிட்டு முழங்குதல் முறையன்று.

நிற்க. வாரியத்தாரைக் குடமும் சிறுவனும் தேர்ந்தனர். ஆனால் கணக்கு எழுதுபவனைத் தேர்வதற்குக் குடமும் ஓலையும் விதிக்கப்படவில்லை. கல்வெட்டின் இறுதிப் பகுதியில் கணக்கனுக்கென்று தனியே சில விதிகள் உள்ளன. மேடையில் பேசுவோர் பெரும்பாலும் இவ்விடத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிடுகின்றது. ஆதலின் அவற்றைச் சற்று விளக்கமாகக் கூறுகின்றோம்.

முதல் விதி: நேர்வழியில் பொருள் ஈட்டியவனே ஊர்க் கணக்கை எழுதலாம். எண்ணில் வல்லவன் என்றோ விரைந்து எழுதுபவன் என்றோ அவர்கள் கேட்கவில்லை. எழுதத் தெரிந்தவர் பலர் அவ்வூரில் இருந்தனர். ஆதலின் அத்திறமை சிறப்புத் தகுதி ஆகவில்லை. அவன் கையிலுள்ள காசு எவ்வழியில் வந்தது என்பதையே கேட்டனர். இரண்டாம் விதி: கணக்கு எழுதியவன் தன் கணக்கைப் பெருமக்கள் முன் காட்டி, சுத்தன் என்று அவர்களால் ஏற்கப்பட்ட பின்னரே மறுபடியும் கணக்கில் புகலாம். அதுவரை அவனுக்கு அப்பதவி இல்லை. மூன்றாம் விதி எல்லாவற்றிலும் நுட்பமானது. தான் எழுதிய கணக்கைத் தானே வந்து காட்ட வேண்டும்; வேறொரு கணக்கன் புகுந்து அதனை ஒடுக்கக் கூடாது. ஒடுக்குதல் என்பது கணக்கை முடித்தல்.

இம்மூன்றாம் விதியைப் படித்தபோது நாம் சுவரருகே நெடுநேரம் நின்றுவிட்டோம். ஒருவன் எழுதியதை இன்னொருவன் முடித்தால் என்ன நேரும்? பிழை எவனுடையது என்று யாரும் சொல்ல முடியாது. முன்னவன், நான் சரியாகத்தான் எழுதினேன், வந்தவன் கெடுத்தான் என்பான். பின்னவன், எனக்குக் கிடைத்ததே இவ்வளவுதான் என்பான். இருவரும் பொய் சொல்லாதிருக்கவும் கூடும்; அப்போதும் பணம் இராது. இந்த இடுக்கை அவ்வூரார் நேரில் பட்டு அறிந்திருக்க வேண்டும். படாமல் இத்தகைய விதி மனத்தில் உதிக்காது.

கணக்குக் காட்டாதவருக்கு அதே கல்வெட்டு விதிக்கும் தண்டனையும் கவனிக்கத் தக்கது. வாரியம் செய்து கணக்குக் காட்டாது போனவன் மட்டுமன்றி, அவன் தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமன், மாமனார், மருமகன், அத்தை மக்கள் என்று ஒரு நீண்ட உறவு வரிசையே ஓலையிலிருந்து நீக்கப்படுகின்றது. குற்றமற்ற மருமகன் என் செய்வான் என்று இக்கால மனம் கேட்கும். ஆனால் அவ்விதி உள்ள ஊரில், கணக்குக் காட்டு என்று ஒருவனை நெருக்கும் பொறுப்பு அவன் வீட்டாருக்கே வந்துவிடுகின்றது. மாமனாரைவிடச் சிறந்த தணிக்கையாளர் யார்?

தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்குக் கருவூலம் காப்போரையும் கணக்கு எழுதுவோரையும் பிரமதேய ஊர்ச் சபைகளே அனுப்ப வேண்டும் என்று இராசராசன் கல்வெட்டில் ஏற்பாடு உண்டு. ஆளைத் தெரிந்தவர்கள் அவன் ஊரார். ஆகவே அனுப்பும் பொறுப்பும் அவர்களுடையது. பேரரசனாயினும் கணக்கரைத் தேரும் வேலையை ஊராரிடம் விட்டது அறிவுடைமை எனலாம்.

இம்முறை எந்நாளில் மறைந்தது என்று ஒரு தேதியைச் சுட்டிக் கூற இயலாது. ஆங்கிலக் கம்பெனியார் காலத்தில் கர்ணம் என்பவர் தந்தைக்குப் பின் மகனாகக் கணக்கெழுதி வந்தார். சென்னை மாகாணத்தில் 1802-ஆம் ஆண்டின் 29-ஆம் ஒழுங்குச் சட்டம் கர்ணங்களுக்கென்றே இயற்றப்பட்டது. 1895-ஆம் ஆண்டுச் சட்டம் இப்பரம்பரைப் பதவிகளை உறுதி செய்தது. கர்ணம் வீட்டுப் பரணில் இருந்த அடங்கலும் சிட்டாவும் ஊர் முழுவதன் தலையெழுத்தாயின. ஜமாபந்தி நாளில் கர்ணம் தம் கணக்கோடு அதிகாரி முன் நேரில் நிற்க வேண்டும் என்ற அளவில், உத்திரமேரூரின் மூன்றாம் விதி மட்டும் ஒருவாறு பிழைத்திருந்தது. முதல் விதிக்கு இடமில்லை. பிறப்பால் வருபவனிடம் தகுதி கேட்பது எங்ஙனம்? கிராம முன்சீப் பதவி பற்றிய ஒரு வழக்கில், பரம்பரை உரிமை அரசியல் சட்டத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 1960 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 1980-இல் அப்பதவிகள் ஒழிக்கப்பட்டு, பின்னர்க் கிராம நிர்வாக அலுவலர்கள் தேர்வெழுதி வந்தனர்.

துறைமுகப் பட்டினங்களில் வேறொரு கணக்கர் தோன்றினார். ஐரோப்பிய வணிகர்க்குத் தமிழ் தெரியாது. சரக்குத் தருபவருக்கு அவர்கள் மொழி தெரியாது. நடுவே நின்றவர் கணக்குப்பிள்ளை. அப்பெயரைத் தம் நாவுக்கேற்பத் திரித்து ‘கானிகோப்பொலி’ என்று எழுதி, அகராதியிலும் ஏற்றிவிட்டனர் வெள்ளையர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் கணக்கப்பிள்ளை என்பது ஒரு பதவியின் பெயராகவே நிலைத்தது. தோட்டத் தொழிலாளி அந்தக் கணக்கப்பிள்ளையைத் தேரவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நகரத்தார் முறை இவற்றினின்றும் வேறு. பர்மா, மலாயா என்று கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய செட்டியார்கள், தொலைவிலுள்ள கடையைத் தம் கண்ணால் காண முடியாதவர்கள். ஆதலின் கணக்கின் கண்ணால் கண்டனர். கடைக்குப் பெட்டியடிப் பையனாக வரும் சிறுவன் குறிப்பும் பேரேடும் பழகி, அடுத்தாளாகி, பல்லாண்டுக்குப் பின் மேலாள் ஆவான். மேலாளுக்குத் தவணை பொதுவாக மூன்றாண்டு. வரவும் பற்றும் இருபுறமும் ஒத்துவர ஐந்தொகை எடுத்து, கணக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னரே அவனுக்குரிய பங்கு கிடைக்கும். திறமையும் நாணயமும் ஒரே ஆளிடம் இருக்கின்றனவா என்று அறியப் பத்து, பதினைந்து ஆண்டு கூடவே வைத்துப் பார்த்தனர். நம் காலனியில் கடை வைத்திருப்போர் எவருக்கும் அவ்வளவு காலம் இல்லை. ஆயினும் ஐந்தொகை என்ற அச்சொல்லை விட்டுவிட்டு, ‘பேலன்ஸ் ஷீட்’ என்று நாம் கூறத் தொடங்கியது நட்டமே.

இனி இக்காலத்துக்கு வருவோம். 1913-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமே தணிக்கையாளருக்கு இன்ன தகுதி வேண்டும் என்று இந்நாட்டில் முதன்முதல் வரையறுத்தது. கணக்கியலில் அரசு டிப்ளமா 1918-இல் பம்பாயில் ஏற்பட்டது. தென்னாட்டுப் பெயருடைய கே. எஸ். ஐயர் என்பவர் அதற்கு முன்னரே, 1897-இல், பம்பாயில் கணக்கர் நிறுவனம் தொடங்கியிருந்தார். 1913-இல் அங்கு வணிகவியலுக்கென்று சிடென்ஹாம் கல்லூரி தோன்றுவதற்கும் அவர் துணை நின்றார். பிழைப்புத் தேடி வடக்கே வந்த நம்மவர் தட்டச்சும் சுருக்கெழுத்தும் மட்டுமே கொண்டுவந்தனர் என்று நகைப்போர்க்கு இதனைக் கூறலாம்.

சென்னையில் ஆர். சிவபோகம் அம்மையார் இருந்தார். 1907-இல் பிறந்தவர், சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரின் வழியில் வளர்ந்தவர், விடுதலைப் போரில் ஈடுபட்டு ஓராண்டு சிறை சென்றவர். சிறையிலிருந்து வந்து கணக்கியல் பயின்று 1933-இல் தேறினார். இந்தியாவில் இத்துறையில் தேறிய முதற் பெண்மணி அவரே. சிறை சென்றவர் கணக்கராகப் பதிந்துகொள்ள இயலாது என்று அக்காலச் சட்டம் தடுத்தது. அம்மையார் வழக்காடி வென்று 1937-இல் தொழிலைத் தொடங்கினார். கதர் உடுத்தி எளிமையாக வாழ்ந்தார். 1955 முதல் 1958 வரை பட்டயக் கணக்கர் கழகத்தின் தென்னிந்திய வட்டாரக் குழுவுக்குத் தலைமை வகித்தார். நேர்வழியில் பொருளீட்டியவனே கணக்கெழுதலாம் என்ற பராந்தகன் காலத்து விதியை வைத்துப் பார்த்தால், உப்புச் சத்தியாக்கிரக காலத்துச் சிறைவாசத்தைவிடப் பெரிய தகுதிச் சான்று ஏது? அரசாங்கமோ அதனையே தகுதியின்மை என்றது. ஓலைக் குடத்தில் இடம் பெறாத பெண்ணினம், கணக்கன் இருக்கைக்கு வந்து சேர ஆயிரம் ஆண்டு ஆயிற்று.

1949 ஜூலை 1-ஆம் நாள், அரசியல் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்னரே, இந்தியப் பட்டயக் கணக்கர் கழகம் உருவாயிற்று. நம் குடும்பங்களில் ‘ஆடிட்டர்’ என்று மரியாதையோடு அழைக்கப்படுபவர் இக்கழகத்தில் பதிவு பெற்றவராக இருத்தல் வேண்டும். ஆனால் நடைமுறையில், வரிப் படிவம் நிரப்பித் தருபவர் அனைவரையும் நாம் ஆடிட்டர் என்றே அழைத்துவிடுகின்றோம். குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கின்றது. கணக்கு எழுதுபவர் ஒருவர்; அதனைச் சரிபார்த்துக் கையொப்பமிடுபவர் ஒருவர். உத்திரமேரூரில் எழுதியவன் கணக்கன், சுத்தன் என்றவர்கள் பெருமக்கள். இருவரையும் அவர்கள் ஒன்றாக்கவில்லை.

இப்போது, முன்னர்க் கூறுவோம் என்ற காரணத்தைக் கூற வேண்டும்.

நம் காலனியை அடுத்த தெருவில் ஓர் அம்மையார் சிற்றுண்டி மெஸ் நடத்தி வருகின்றார். கணவர் இறந்த பின், இரண்டு அடுப்பும் ஒரு கிரைண்டருமாகத் தொடங்கியது. பணிமனைத் தொழிலாளர் பலர் அங்கு உண்டே வளர்ந்தனர். திருமணம் ஆகும் வரை நாமும் அவருள் ஒருவர். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது, அலுவலகங்களுக்கு உணவு அனுப்பும் வேலையும் சேர்ந்து விற்பனை உயர்ந்திருந்தமையால், அவர் பதிவு செய்துகொள்ள வேண்டியதாயிற்று. நல்ல கணக்கர் யாரேனும் உண்டா தம்பி என்று நம்மிடம் கேட்டார். நாம் ஒருவரைச் சொன்னோம். அவர் பெயர் வேண்டா. நம் மொழி பேசுபவர். மாதக் கட்டணம் குறைவு. கணினியில் விரல் பறக்கும். நாம் பார்த்த தகுதிகள் இவை மூன்றே. அவர் எத்தனை கடைகளுக்கு எழுதுகின்றார், ஒழுங்காகக் கட்டிய ரசீது ஒன்றைக் காட்டுவாரா, கழகத்தில் பதிவு உள்ளவரா என்று கேட்கத் தோன்றவில்லை. அலுவலகத்தில் ஒரு புத்தகப் பெட்டி வாங்குவதற்கு மூன்று விலைப்புள்ளி கேட்பவர்கள் நாம்.

இரண்டாண்டு, மாதம் தவறாமல் வரிப் பணத்தை அம்மையார் ரொக்கமாகக் கொடுத்தார். கட்டியாயிற்று என்ற சொல் மட்டும் வந்தது. 2019-இல் அவர் ஊர் மாறிச் சென்றார். அடுத்து வந்தவர், கிடைத்த துண்டுச் சீட்டுகளைக் கொண்டு முன் ஆண்டுக் கணக்கையும் முடித்துக் கொடுத்தார். அஃதாவது ஒடுக்கினார். 2021-இல் நோட்டீசு வந்தபோதுதான் பாதி மாதங்களுக்குப் படிவமே போகவில்லை என்பது தெரிந்தது. அரசு முன்னரே எச்சரிக்கை அனுப்பாமல் இல்லை. ஆனால் பதிவில் கொடுக்கப்பட்டிருந்த கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் அம்மையாருடையவை அல்ல, பழைய கணக்கருடையவை. எச்சரிக்கை எல்லாம் யாரைப் பற்றியோ அவரிடமே சென்றுகொண்டிருந்தன.

நிலுவை வரி, அதன்மேல் ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டு வட்டி, காலதாமதக் கட்டணம் என்று எல்லாம் சேர்ந்தன. மகள் திருமணத்துக்கென்று வைத்திருந்த சங்கிலியை அவர் விற்றார். முன்னவரைக் கேட்டால், மின்னணுக் கோப்புகளை அடுத்தவர் மாற்றிவிட்டார் என்றார். அடுத்தவரைக் கேட்டால், முன்னவர் கொடுத்தது இவ்வளவே என்றார். உத்திரமேரூர்ச் சபையார் 921-இல் அஞ்சியது அப்படியே நடந்தது. அம்மையார் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. “நீங்கள் சொன்ன ஆள்தானே தம்பி என்று நான் ரசீதே கேட்கவில்லை” என்றார். கடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இத்தனைக்கும் நம் தொழிலில் இவ்வறிவு நாள்தோறும் கண்முன் இருக்கின்றது. பயணச்சீட்டுச் சாளரத்தில் ஓர் எழுத்தர் எழுந்து மற்றொருவர் அமரும்போது, சீட்டு எண்ணும் ரொக்கமும் எழுதிக் கையொப்பமிட்டே சார்ஜ் கொடுக்கின்றனர். குறைந்தால் குறைந்த அளவு அவர் பெயரில் பற்றாகின்றது. கணக்கு ஆய்வாளர் சொல்லிவிட்டு வருவதில்லை. இரயில்வே தன் எழுத்தரிடம் வைக்கும் நம்பிக்கை எவ்வளவோ, அதைவிடப் பன்மடங்கு நம்பிக்கையை நாம் முன்பின் அறியாத ஒருவரிடம், பிறர் பணத்தைக் கொண்டு வைத்தோம்.

அதன் பின் அம்மையாருக்கு மூன்றாவது கணக்கரைத் தேடும்போது, கல்வெட்டின் வழியே சென்றோம் என்று கூறினால் மிகையாகாது. அவரிடம் கணக்கு எழுதுவிக்கும் நான்கு கடைக்காரரைத் தனித்தனியே கண்டு கேட்டோம். இருவர் நல்லவிதமாகக் கூறினர். ஒருவர் தாமதம் உண்டு என்றார். ஒருவர், கட்டணம் அதிகம், ஆனால் பொய் சொல்லமாட்டார் என்றார். இந்நான்காமவர் சொல்லே நமக்குப் போதுமானதாயிற்று. அவர் கழகத்தில் பதிவு பெற்றவர். அத்தகையோர் அளிக்கும் ஒவ்வொரு சான்றுக்கும் 2019 முதல் பதினெட்டு இலக்க அடையாள எண் ஒன்று உண்டு. அதனைக் கழகத்தின் இணையதளத்தில் இட்டு, சான்று உண்மையானதா என்று எவரும் பார்த்துக் கொள்ளலாம். வரிப் பணத்தை அவர் கையில் வாங்குவதே இல்லை. அம்மையாரின் வங்கிக் கணக்கிலிருந்தே நேராக அரசுக்குச் செல்கின்றது. பதிவில் உள்ள கைப்பேசி எண் இப்போது அம்மையாருடையது. கடவுச்சொல்லை மகள் வைத்திருக்கின்றாள். பழைய இரண்டாண்டுக் கணக்கை அவர் தொடமாட்டேன் என்றார். அஃது எழுதியவரோடு தீர வேண்டியது, என் ஏட்டில் இன்ன தேதி முதல் என்று தனியே தொடங்குவேன் என்றார். அவர் உத்திரமேரூரைப் பற்றிக் கேள்விப்பட்டவர் அல்லர். கேட்டுப் பார்த்தோம்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை, மெஸ் மூடியிருக்கும் நேரத்தில், அவரும் அம்மையாரும் மகளும் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். கல்லாப் பெட்டிக் குறிப்பை அம்மையார் வாசிக்க, ரசீதுகளை மகள் எடுத்துக் கொடுக்க, அவர் எழுதியதைத் திருப்பி வாசிக்கின்றார். சில ஞாயிறுகளில் நாமும் போய் அமர்கின்றோம். எவரும் அழைப்பதில்லை, காப்பி மட்டும் வருகின்றது. சங்கிலிக்கு ஈடாக நாம் கொடுக்க முன்வந்த தொகையை அம்மையார் வாங்க மறுத்துவிட்டார். மகளின் திருமணம் அடுத்த தை மாதத்துக்கு நிச்சயமாகியுள்ளது.

நம் சங்கத்தின் இவ்வாண்டு வரவு செலவு இம்மலரின் கடைசிப் பக்கங்களில் அச்சாகியிருக்கின்றது. அதனை எழுதிய பொருளாளர் விழா நாளன்று மாலை நான்கு மணி முதல், மேடைக்கு இடப்புறம், ரசீதுப் புத்தகங்களோடு அமர்ந்திருப்பார். உறுப்பினர் எவரும் சென்று கேட்கலாம்.